எந்த ஆலயம், யார் முன்னிலை, எந்த மொழி?

வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களிடமிருந்தும், ஊரில் இருக்கும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் ஒருபால் திருமணம் பற்றிச் சில மாதங்களாகக் கடிதங்கள் வருகின்றன. "நடக்குமா, நடக்காதா?" என்று தொடங்குபவைதான் அதிகம். நடக்கும். ஆனால் எல்லா ஆலயத்திலும் அல்ல, நினைத்தவுடனும் அல்ல. கீழே சொல்லும் சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்காட்லாந்தில் அனுமதி கட்டடத்துக்கு அல்ல, மணம் நடத்திவைப்பவருக்கு. அந்த முறையை இங்கே கலக்கவில்லை.

கேள்வி: நானும் என் தோழியும் ஆறு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். எங்கள் தமிழ்ச் சபை ஒரு மெதடிஸ்ட் ஆலயத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிறு மாலை ஆராதனை நடத்துகிறது. எங்கள் போதகர் "இங்கே முடியவே முடியாது" என்கிறார். மெதடிஸ்ட் சபை இதை ஏற்றுக்கொண்டுவிட்டதாகக் கேள்விப்பட்டோம். யார் சொல்வது சரி? – வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதில்: மெதடிஸ்ட் சபை ஏற்றுக்கொண்டது உண்மை. 2021 ஜூன் 30 அன்று அதன் மாநாட்டில் 254 பேர் ஆதரித்தும் 46 பேர் எதிர்த்தும் வாக்களித்தார்கள். திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில் என்ற கொள்கையும், இரண்டு பேருக்கு இடையில் என்ற கொள்கையும் அந்தச் சபைக்குள் இனி சேர்ந்தே இருக்கும் என்பதுதான் முடிவு. ஆகவே எந்த மெதடிஸ்ட் ஆலயத்தையும், எந்தப் போதகரையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

சட்டமும் இதே வழியில்தான் போகிறது. 2013-ஆம் ஆண்டு ஒருபால் திருமணச் சட்டத்தின்படி மூன்று சம்மதங்கள் வேண்டும். முதலில் அந்தத் திருச்சபையின் தலைமை அமைப்பு சம்மதிக்க வேண்டும். அடுத்து அந்தக் குறிப்பிட்ட கட்டடம் ஒருபால் திருமணத்துக்கென்று தனியாகப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். ஆண்–பெண் திருமணத்துக்கு நூறு வருடமாகப் பதிவில் இருக்கும் ஆலயமானாலும் இந்தப் பதிவு வேறு. மூன்றாவது, மணம் நடத்தும் போதகர் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும்.

உங்கள் நிலையில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. உங்கள் தமிழ்ச் சபை அந்தக் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறது. கட்டடத்தைப் பற்றி முடிவெடுப்பது உங்கள் போதகர் அல்ல, அந்த மெதடிஸ்ட் ஆலயத்தின் சபைக் குழு. அவர்கள் கட்டடத்தைப் பதிவு செய்திருந்தால், அவர்களுடைய போதகரே உங்களுக்கு மணம் நடத்திவைக்கலாம். உங்கள் போதகர் பங்கெடுக்காமல் இருக்கலாம், தடுக்க முடியாது. எனவே ஆலய அலுவலகத்துக்கு ஒரே ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள்: "இந்தக் கட்டடம் ஒருபால் திருமணத்துக்குப் பதிவு செய்யப்பட்டுள்ளதா?" ஆம் என்றால் அடுத்த படி. இல்லை என்றால், அந்த சர்க்யூட்டின் (சுற்றுவட்டார மெதடிஸ்ட் சபைகளின் கூட்டு) மேற்பார்வைப் போதகரிடம் பக்கத்தில் எந்த ஆலயம் பதிவில் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபையையும் விட்டுவிடாதீர்கள். அங்கே 2016 ஜூலையிலேயே 240-க்கு 21 என்ற வாக்கில் முடிவை ஒவ்வொரு சபையிடமும் விட்டுவிட்டார்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இன்னும் முன்னால், 2009-லேயே முடிவெடுத்தவர்கள்.

கேள்வி: நான் எங்கள் சபைக் குழுவின் செயலாளர். கட்டடத்தைப் பதிவு செய்யலாம் என்று குழுவில் பெரும்பாலோர் நினைக்கிறோம். மூன்று மூத்தவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. வாக்கெடுப்பு நடத்தி முடித்துவிடலாமா? – லெஸ்டர்

பதில்: நடத்தலாம். முதல் கூட்டத்திலேயே நடத்தாதீர்கள். பேச ஒரு கூட்டம், இடையில் சில வாரம், பிறகு வாக்கெடுப்புக்கு இன்னொரு கூட்டம் என்று வையுங்கள். ஒரு ஜோடியின் தேதி குறித்த பிறகு வாக்கெடுப்பு வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். கட்டடத்தைப் பற்றிய வாக்கு அந்த இரண்டு பேரைப் பற்றிய வாக்காக மாறிவிடும். அவர்கள் அடுத்த ஞாயிறு அதே பெஞ்சில் வந்து உட்கார வேண்டியவர்கள். பெயர் எதுவும் இல்லாத காலத்திலேயே பேசி முடிப்பது எல்லோருக்கும் மரியாதை.

மூத்தவர்களிடம் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். பதிவு செய்தாலும் எந்தப் போதகரும், ஆர்கன் வாசிப்பவரும், கோயில் பிள்ளையும் மனச்சாட்சிக்கு விரோதமாகப் பங்கெடுக்க வேண்டியதில்லை. வராமல் இருப்பது குற்றமும் அல்ல. ஆனால் மணமக்களின் பெயரைச் சொல்லிப் பின்னால் பேசுவதற்கு இது அனுமதி அல்ல.

கட்டடத்தை இன்னொரு திருச்சபையோடு முறைப்படி பகிர்ந்துகொண்டிருந்தால் அவர்களுடைய சம்மதமும் வேண்டும். அந்தப் பங்காளி இங்கிலாந்துத் திருச்சபை என்றால் பதிவு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். விண்ணப்பம் எழுதுவதற்கு முன் சொத்துப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பதிவான பிறகு மறந்துபோவது ஒன்று உண்டு. ஆண்–பெண் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்ய உங்கள் ஆலயத்தில் அதிகாரம் பெற்ற ஆள் ஒருவர் இருப்பார். ஒருபால் திருமணத்துக்கு அவருக்கு அந்த அதிகாரம் தானாக வந்துவிடாது, தனியாக நியமிக்க வேண்டும். அதுவரை பதிவாளரை அழைக்க வேண்டும். சனிக்கிழமைகளில் பதிவாளர் கிடைப்பது கடினம்.

கேள்வி: எங்கட ஊர் வழக்கப்படி முதலில் எழுத்து (பதிவுத் திருமணம்), பிறகு கோயிலில் கலியாணம். மகனும் அவர் விரும்பிற பெடியனும் அப்படியே செய்ய விரும்பீனம். கவுன்சிலில் எழுத்து வைக்கேக்க ஒரு ஜெபமும் ஒரு பாட்டும் வைக்கலாமோ? – ஹாரோ

பதில்: வைக்க முடியாது, அம்மா. அரசுப் பதிவாளர் நடத்தும் சடங்கில் வேத வாசிப்பு, ஜெபம், கீர்த்தனை எதற்கும் இடமில்லை. பாட்டுத் தட்டைப் பதிவாளர் முன்கூட்டியே கேட்பார். பக்திப் பாட்டு என்றால் எடுக்கச் சொல்லிவிடுவார்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஆலயம் ஒருபால் திருமணத்துக்குப் பதிவானது என்றால் எழுத்து தனியாகத் தேவையே இல்லை. சட்டப்படியான திருமணமும் ஆசீர்வாதமும் ஒரே ஆராதனையில் முடிந்துவிடும். எழுத்தை முன்பே வைத்துவிட்டால் அவர்கள் அன்றே கணவர்கள். ஆலயத்தில் நடப்பது பிறகு ஆசீர்வாத ஆராதனையாகத்தான் இருக்கும், பத்திரத்தில் கோயில் பெயர் வராது. கோயிலில்தான் கலியாணம் நடக்க வேண்டும் என்று மகன் ஆசைப்படுகிறார் என்றால் எழுத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆலயத்தில் நடத்துவதற்கு உள்ள படிகள் இவை. இருவரும் அவரவர் பதிவு மாவட்டத்தில் குறைந்தது 7 முழு நாள் குடியிருந்த பிறகு, நேரில் போய்த் திருமண அறிவித்தல் கொடுக்க வேண்டும். கட்டணம் வழக்கமாக ஆளுக்கு 42 பவுன். பாஸ்போர்ட், விலாசச் சான்று, முன்பு மணமாகியிருந்தால் விவாகரத்தின் இறுதித் தீர்ப்பு ஆகியவை வேண்டும். பிறகு 28 நாள் காத்திருக்க வேண்டும். அறிவித்தல் 12 மாதம் செல்லும். ஒருவர் இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்காரர் என்றால் இருவரும் சேர்ந்தே, அதற்கென்று குறிக்கப்பட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். உள்நாட்டு அமைச்சு விசாரிக்க விரும்பினால் 28 நாள் 70 நாளாக நீளலாம். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் முற்பணம் கட்டுவது அந்தப் பதில் வந்த பிறகு இருக்கட்டும். சாதாரண விசிட்டர் விசாவில் வந்தவர் இங்கே அறிவித்தல் கொடுக்கவே முடியாது. திருமணத்துக்கென்று தனி விசா இருக்கிறது.

அறிவித்தலில் எந்தக் கட்டடத்தில் திருமணம் என்று எழுதிக் கொடுக்கிறீர்களோ அங்கேதான் நடத்த வேண்டும். பிந்தி மாற்றினால் புது அறிவித்தல், புதுக் கட்டணம், புதிய 28 நாள். ஆலயம் உங்கள் பதிவு மாவட்டத்துக்கு வெளியே இருந்தால், அது நீங்கள் வழக்கமாக வழிபடும் இடம் என்று அப்போதே சொல்ல வேண்டும். அதனால்தான் சில போதகர்கள் முதல் சந்திப்பிலேயே "சில மாதம் ஆராதனைக்கு வாருங்கள்" என்கிறார்கள். அதைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தமிழர்களுக்கு இடறும் இடம் பெயர். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், வங்கித் தாளில் அப்பா பெயர் முன்னால் நிற்கும், விசாவில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அறிவித்தல் கொடுக்கும் முன் எல்லாத் தாளையும் ஒரே மேசையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

2021 மே 4 முதல் ஆலயத்தில் பெரிய பதிவேடு கிடையாது. பதிவு அலுவலகம் தரும் ஒற்றைத் தாளில் மணமக்கள், இரண்டு சாட்சிகள், நடத்தியவர், அதிகாரம் பெற்றவர் எல்லோரும் ஒப்பமிட்டு, 21 நாளுக்குள் அலுவலகத்துக்குத் திருப்பிச் சேர்க்க வேண்டும். அந்தத் தாள் ஆலயத்துக்கு வராவிட்டால் கல்யாணம் இல்லை. தேன்நிலவுக்குப் போகும் மணமக்கள் கையில் அதைக் கொடுத்தனுப்பாதீர்கள். யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று முன்பே பெயர் குறித்துவிடுங்கள். இந்த முறை வந்த பிறகு பத்திரத்தில் தாயின் பெயரும் இடம்பெறுகிறது.

கேள்வி: இரண்டு பேரும் பெண்கள். தாலி கட்டலாமா? யார் யாருக்கு? பழைய தமிழ்த் திருமண ஆராதனை முறைமையை அப்படியே வாசிக்க முடியுமா? – கிராய்டன்

பதில்: சட்டத்துக்குத் தாலி ஒரு பொருட்டே அல்ல, மோதிரமும் அல்ல. தடை எதுவும் தெரியாது என்று ஒவ்வொருவரும் சொல்லும் வாக்கியமும், "இன்னாரை என் சட்டபூர்வ மனைவியாக ஏற்கிறேன்" என்று சொல்லும் வாக்கியமும்தான் திருமணம். இவற்றைச் சட்டத்தில் உள்ளபடியே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் (வேல்ஸில் வெல்ஷ் மொழியும் செல்லும்). தமிழில் மட்டும் சொன்னால் செல்லாது. போதகர் தன் நடையில் கொஞ்சம் மாற்றிச் சொல்லிக்கொடுத்தால், அதிகாரம் பெற்றவர் இடையில் நிறுத்தி மறுபடி சொல்லவைப்பார். நிறைந்த ஆலயத்தில் அது சங்கடம். அந்த இரண்டு வாக்கியங்களையும், தாளில் இருக்கும் முழுப் பெயர்களோடு, பெரிய எழுத்தில் அட்டையில் அச்சடித்து வையுங்கள். அது முடிந்த பிறகு தமிழில் பொருத்தனை சொல்லுங்கள். அவசரமில்லாமல், மனம் நிறையச் சொல்லலாம்.

தாலியைப் பொறுத்தவரை எங்கள் கருத்து: இரண்டு கட்டுங்கள், அல்லது வேண்டாம். ஒருத்தி கழுத்தில் மட்டும் ஏறினால், வந்தவர்கள் எல்லோரும் "அப்போ இதிலே மாப்பிள்ளை யார்?" என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு இந்தத் திருமணத்தில் இடமே இல்லை. சிலுவையோ புறாவோ பொறித்த ஒரே அளவு, ஒரே எடையில் இரண்டு தாலி சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். ஒருவர் மற்றவருக்குக் கட்டட்டும். மஞ்சள் கயிறு என்றால் பதற்றத்தில் விரல் நடுங்கும், மூன்று முடிச்சு போட நேரமாகும். பின்னால் நின்று உதவ ஆளுக்கு ஒரு சகோதரியை நிறுத்துங்கள். மாலையைத் தாலிக்குப் பிறகு மாற்றுங்கள். முன்னால் போட்டால் கயிறு பூவில் சிக்கும். இரண்டு ஆண்கள் என்றால் மோதிரமும் மாலையும் போதும். குடும்பத்தார் இருவருக்கும் பொன்னாடை போர்த்தினால் இன்னும் நிறைவு.

பழைய முறைமையில் வாழ்விலும் தாழ்விலும், நோயிலும் நலத்திலும் என்று வரும் பொருத்தனையை மாற்றவே வேண்டாம், யாருக்கும் பொருந்தும். பெண்ணுக்கு மட்டும் கீழ்ப்படிதல் வரும் இடம் இருந்தால் எடுத்துவிட்டு, இருவர் வாக்கும் ஒன்றாக இருக்கும்படி செய்யுங்கள். "மணமகன், மணமகள்" வரும் இடங்களில் பெயரைச் சொல்லுங்கள். "மணமக்கள்" என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டு பெண்களுக்கும் இரண்டு ஆண்களுக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. "பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார்" என்று இடம் பிரிக்காமல், வந்தவர் விரும்பிய இடத்தில் உட்காரட்டும். பிள்ளைப்பேற்றுக்கான ஜெபத்தை மணமக்களிடம் கேட்காமல் நீக்காதீர்கள், கேட்காமல் சேர்க்கவும் வேண்டாம். குழந்தை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேதபாடம் தெரிந்தெடுப்பதில் ஒரு கவனம். கொலோசெயர் 3-ஆம் அதிகாரம் 12 முதல் 17 வரை மிக அருமையான பகுதி. 17-இல் கட்டாயம் நிறுத்த வேண்டும். வாசிப்பவர் பழக்கத்தில் 18-க்குப் போனால் மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று தொடங்கிவிடும். தாளில் எங்கே நிறுத்துவது என்று கோடு போட்டுக் கொடுங்கள். 1 யோவான் 4:7–12 நன்றாக அமையும். ரூத் 1:16–17 ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு, அதுவும் மருமகள் மாமிக்குச் சொன்ன வாக்கு. ஆண்–பெண் திருமணங்களிலும் அது வாசிக்கப்படுகிறது. பெரியவர்கள் காதுக்குப் பழகிய வசனம் என்பதால் அதை நாங்கள் முதலில் பரிந்துரைப்போம்.

"யார் இந்தப் பெண்ணைக் கொடுக்கிறது?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "இவர்களைத் தாங்குவீர்களா?" என்று சபையாரைக் கேட்பது நல்லது. பதில் அச்சில் இரண்டு மொழியிலும் தடித்த எழுத்தில் இருக்கட்டும். சொல்லிப் பழகாத சபை அந்த இடத்தில் மௌனமாக நின்றுவிடும், அந்த மூன்று விநாடி மணமக்களுக்குப் பெரிய வலி. முன்வரிசையில் கணீர்க் குரல் உள்ள இரண்டு பேரிடம் முந்திய நாளே சொல்லிவையுங்கள்.

கேள்வி: நாங்கள் ஆங்கிலிக்கன். எங்கள் விகார் (போதகர்) நல்லவர், மனம் உள்ளவர். அவரே நடத்திவைக்கலாமே? – லூயிஷம்

பதில்: முடியாது. ஆங்கிலிக்கன் சபைகளான இங்கிலாந்துத் திருச்சபையும் வேல்ஸ் திருச்சபையும் ஒருபால் திருமணம் நடத்த 2013 சட்டம் இடம் தரவில்லை. விகார் மனம் வைத்து நடத்தினாலும் அது திருமணம் ஆகாது. 2023 டிசம்பர் 17 முதல் இங்கிலாந்துத் திருச்சபையில் ஒருபால் இணையருக்கான ஜெபங்களை வழக்கமான ஆராதனைக்குள் பயன்படுத்த இடம் உண்டு. விகாரின் விருப்பத்தைப் பொறுத்தது அது. பதிவு அலுவலகத்தில் சனிக்கிழமை மணம் முடித்து, ஞாயிறு காலை ஆராதனையில் அந்த ஜெபத்தைப் பெறலாம். அதைக் கல்யாணம் என்று அழைப்பிதழில் அச்சடிக்காதீர்கள், விகாருக்குத்தான் புகார் போகும்.

கேள்வி: கத்தோலிக்கக் குடும்பம். ஃபாதர் ஆசீர்வதிப்பாரா? – வாசகி, சவுத்ஹால்

பதில்: திருமணமாக நடத்த மாட்டார். வத்திக்கான் 2023 டிசம்பர் 18-இல் வெளியிட்ட அறிக்கை, கேட்டு வரும் இணையரைக் குரு எளிமையாக ஆசீர்வதிக்க அனுமதிக்கிறது. பதிவுத் திருமணத்தோடு சேர்த்தோ, மண உடையிலோ, மணச் சடங்கின் செய்கையோடோ அது கூடாது. 10 அல்லது 15 விநாடி நீளும் ஆசீர்வாதம் என்று பிறகு விளக்கினார்கள். உங்கள் பிள்ளைகள் அதில் ஆறுதல் காண்பார்களா, அதைவிட மனம் நோவார்களா என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

கேள்வி: மகள் லண்டனில் இன்னொரு பெண்ணை ஆலயத்தில் வைத்துத் திருமணம் செய்யப்போகிறாள். நானும் அவள் அப்பாவும் அழுது ஓய்ந்து, இப்போது போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இந்தத் திருமணம் இங்கே செல்லுமா? எங்கள் சி.எஸ்.ஐ. ஐயரை (சபைப் போதகரை) அழைத்துப்போகலாமா? பத்திரிகையில் எங்கள் பெயர் போடுவதா? – பாளையங்கோட்டை

பதில்: நீங்கள் போவது பெரிய காரியம், அம்மா.

இந்தியாவில் அந்தத் திருமணம் செல்லாது. 2023 அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இதற்கு உரிமை வழங்குவது சட்டமன்றங்களின் வேலை என்று சொல்லிவிட்டது. அவர்கள் ஊருக்கு வந்து வாழ நினைத்தால் கைக்காவலாகச் சில காகிதங்கள் வேண்டும். உயில், மருத்துவமனை முடிவுகளுக்கான அதிகாரப் பத்திரம், காப்பீட்டு நியமனம் ஆகியவற்றைச் செய்யலாம். ஒருபால் இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், ஒருவரையொருவர் நியமிக்கவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியிருக்கிறது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழி அல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று தீர்ப்பளித்தது. உங்கள் மகள் ஊருக்கு வரும்போது யாராவது பயமுறுத்தினால் அந்தத் தீர்ப்பு உதவும்.

ஐயரை அழைக்கலாம், விருந்தாளியாக. மேடையில் ஜெபம் செய்யச் சொல்லாதீர்கள். ஒரு புகைப்படம் ஊருக்கு வந்தால் போதும், அவர்மேல் பேராயத்தில் விசாரணை வரக்கூடும். தனியாகக் கேளுங்கள், மறுக்க இடம் கொடுத்துக் கேளுங்கள். வீட்டில் வைத்து மகளுக்காக ஜெபிக்க அவர் சம்மதிக்கலாம்.

பெயர் போடுவது உங்கள் இருவர் முடிவு. இரண்டு பெற்றோரும் சம்மதித்தால் நான்கு பெயரையும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சம்மதித்தால், "பெரியோர் ஆசியுடன்" என்று போட்டுப் பெயர்களை விட்டுவிடுவது நல்லது. ஒரு பக்கப் பெயர் இல்லாத பத்திரிகை, இல்லாத பெற்றோரைத்தான் உரக்கச் சொல்லும். "தன்பாலீர்ப்பு" என்ற சொல்லைத் தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்ட சொற்பட்டியலில் முறைப்படி சேர்த்திருக்கிறது. உறவினரிடம் விளக்கும்போது அதையே சொல்லுங்கள். ஏச்சுச் சொல்லுக்கு மாற்றுச் சொல் கையில் இருந்தால் பேச்சின் தொனியே மாறும்.

கேள்வி: ஊரில் இருப்பவர்களுக்காக நேரலை போடலாம் என்கிறார்கள். எனக்கு ஏனோ பயமாக இருக்கிறது. – மிச்சம்

பதில்: உங்கள் பயம் சரியானது. இலங்கையில் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. ஆலயத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பையன், வீட்டுக்குச் சொல்லாதவன், கேமராவில் சிக்கினால் அவன் வாழ்க்கையே தலைகீழாகலாம். மணமக்கள் சம்மதம் மட்டும் போதாது.

கேமரா ஒன்று போதும். பீடத்தை நோக்கி, பக்கவாட்டில், முன்வரிசைக்கு முன்னால் நிறுத்துங்கள், சபையார் பக்கம் திருப்பக்கூடாது. சபையாருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, "இந்தப் பக்கம் படத்தில் வராது" என்று இரண்டு மொழியிலும் அட்டை வையுங்கள். தேடினால் கிடைக்காத தனி இணைப்பை அழைத்தவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள், கருத்துப் பெட்டியை மூடுங்கள், ஆராதனை முடிந்ததும் பதிவை இறக்கி வைத்துக்கொண்டு இணைப்பை நீக்குங்கள். பாட்டு வரிகளைத் திரையில் காட்டவும் ஒலிபரப்பவும் ஆலயத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் பாடும் நேரத்தில் ஒலி வெட்டப்படலாம்.

நேரம்: கோடையில் லண்டன் மதியம் 12 மணி என்றால் ஊரில் மாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. அழைப்பில் இரண்டு நேரத்தையும் போடுங்கள். தொடக்கத்தில் போதகர் அறிவிக்க வேண்டிய ஒரு வரியும் உண்டு: ஆராதனையின்போது யாரும் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டாம், வெளியே படிக்கட்டில் எடுக்கலாம், விரும்பாதவர்கள் பக்கவாசல் வழியாகப் போகலாம். திருமணம் நடக்கும்போது ஆலயக் கதவைப் பூட்டக்கூடாது என்பது சட்டம், ஆகவே வாசலில் அந்தப் பொறுப்புக்கு இரண்டு பேரை நிறுத்திவையுங்கள்.